பொன் பிரிக்கும் மேசை

சாமையில் கலந்திருக்கும் கல் சாமை அளவிலேயே இருக்கும். அதுதான் அதில் உள்ள சங்கடம். நெல்லுக்கென்று செய்த கல் நீக்கும் இயந்திரத்தில் சாமையைக் கொட்டினால் கல்லும் தானியமும் ஒரே வாய் வழியாக வெளியே வந்துவிடும். மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து சாமை தீட்டும் கூடம் ஒன்றைத் தொடங்கியபோது, வெளியூரிலிருந்து தருவித்த இயந்திரம் அப்படித்தான் செய்தது. கூடத்தை நடத்துபவள் என் அக்கா. ஒரு நாள் ஜீப் பிடித்து மலையிறங்கி, ஆலங்காயத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"இத்த வாயில போட்டுப் பாரு. பல்லு போய்டும். மெக்கானிக்கல் படிச்சியே, இதுக்கு இன்னா பண்ணலாம்னு சொல்லு."

நான் மலையிலிருந்து இறங்கி டிப்ளமோ படித்து, ஓசூரில் சில வருடங்கள் தொழிற்சாலையில் இருந்துவிட்டு, சொந்தமாகப் பட்டறை போட்டவள். இரும்பு கடையும் ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின், துளை போடும் இயந்திரம், கூடவே பாய். பாய் வாணியம்பாடிக்காரர், வெல்டர். என்னைவிட வயதில் மூத்தவர். என்னை 'ம்மா' என்பார். நாங்கள் இருவரும் அந்த வருடம் மழைக்காலம் முழுவதும் சாமை இயந்திரத்தோடு மல்லுக்கட்டினோம். சல்லடைத் தட்டின் சாய்வை மாற்றினோம், கீழிருந்து வரும் காற்றைக் குறைத்தோம், அதிர்வைக் கூட்டினோம். கடைசியில் சாமை ஒரு பக்கமும் கல் ஒரு பக்கமும் பிரிந்து போயின. அந்த இயந்திரத்தை மலையில் இன்னும் சில ஊர்களுக்கும் செய்து கொடுத்தேன். என் ஆயுசுக்குப் பெருமைப்பட அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் பொன் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை. நிலவியல் பாடம் எடுப்பவர். மலை ஓடைகளின் மணலில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று ஆராய, வனத்துறையிடம் முறைப்படி அனுமதி வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மணல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கூடத்தில் ஓடிய இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. அதில் கொஞ்சம் கருமணல். உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. குப்பியைத் திருப்பிப் பிடித்ததும் கருப்புக்கு நடுவில் இரண்டு மூன்று இடங்களில் மஞ்சள் பொட்டு. கண்ணாடியை எடுத்துவிட்டால் அதுவும் காணவில்லை.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை எளிதாக இருந்தது. மலைப்பாறை காலப்போக்கில் உடைந்து பொடியாகிறது. மழை அதை ஓடைக்குக் கொண்டுவருகிறது. பாறைக்குள் பொன் இருந்திருந்தால் அதுவும் கூடவே வருகிறது. பொன் கனமானது, வேகம் குறைகிற இடத்தில், பெரிய கற்களுக்குப் பின்னால், ஓடை வளைகிற உட்பக்கத்தில், மணலுக்கு அடியில் தங்கிவிடும். வட்டத் தட்டில் நீர்விட்டு அலசினால் கடைசியில் மிஞ்சும். ஆனால் இந்த ஓடையில் இருந்த பொன் மாவு மாதிரி. தட்டில் அலசும்போது நீரோடு போய்விடுகிறது. எவ்வளவு போகிறது என்றே தெரியாததால், ஓடையில் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. அதைத் தவறவிடாத அதிர்வு மேசைகள் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன; மலையோரத்துக்குத் தூக்கிவர முடியாது.

"கல்லுலேருந்து சாமையப் பிரிச்சிட்டீங்க. மணல்லேருந்து இத்தப் பிரிக்க முடியுமாங்க?" என்றார். அவரும் இந்த வட்டாரம்தான், போளூர்ப் பக்கம். அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கூச்சம் விட்டுப்போனது.

சாமைக்குக் காற்று, இதற்குத் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றியது. செய்து பார்க்கிறேன் என்றேன். அவர் போனதும் பாய் மெதுவாகக் கேட்டார்: "நம்ம மலையில தங்கம் கீதாம்மா?" எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் மெஷின் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அதிர்வு மேசை பார்ப்பதற்குச் சாதாரணமானது. கட்டில் அளவு பலகை, ஒரு பக்கம் லேசான சாய்வு. மேல் விளிம்பிலிருந்து மெல்லிய படலமாகத் தண்ணீர் குறுக்கே வழிந்து இறங்கும். பலகையின் நீளவாக்கில் வரிவரியாகச் சிறு வரப்புகள். பலகை முன்னும் பின்னும் ஆடும். மூலையில் மணலைக் கொட்டினால், லேசானது நீரோடு வரப்புகளைத் தாண்டிக் கீழே போகும். கனமானது வரப்புக்குள் பதுங்கி, ஆட்டத்தோடு ஆட்டமாக நகர்ந்து மறுகோடிக்குப் போய்ச் சேரும். அந்தக் கோடியில் ஒவ்வொரு கனத்துக்கும் ஒவ்வொரு இடம். எல்லாவற்றுக்கும் மேலோரமாகப் பொன்.

காகிதத்தில் அப்படி. நாங்கள் செய்த முதல் மேசையில் மணல் நின்ற இடத்திலேயே நடுங்கியது. முன்னால் போன அளவு பின்னால் வந்தது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் கூடியது, நகரவில்லை. சாமை இயந்திரத்தில் அதிர்வு சாய்வாக மேல்நோக்கித் தூக்கிப் போடும். அதனால் கல் தத்தித் தத்தி ஏறிவிடும். இங்கே பலகை படுக்கையாக ஆடுகிறது. தூக்கிப் போட்டால் தண்ணீர் கலங்கிவிடும். பேராசிரியை மேடம், முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அது வார்த்தையாகத்தான் என் தலையில் இருந்தது. இரும்பில் எப்படிச் செய்வது என்று பிடிபடவில்லை.

அந்த வாரம் அக்காவைப் பார்க்க மலைக்குப் போனேன். பேருந்தில் எனக்கு முன்னால் நடைபாதையில் யாரோ ஒரு மூட்டை புளியை வைத்திருந்தார்கள். ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் சமதளத்தில் ஆடுகள் குறுக்கே வந்துகொண்டே இருந்தன. ஓட்டுநர் மெல்ல மெல்ல வண்டியை நகர்த்துவார். திடீரென்று பிரேக் போடுவார். மெல்ல நகரும்போது மூட்டை வண்டியோடு சேர்ந்து வந்தது. பிரேக் போட்டதும் மூட்டை மட்டும் முன்னால் சறுக்கியது. மறுபடி மெல்ல, மறுபடி பிரேக். ஆடுகள் தீர்ந்தபோது மூட்டை கடைசி இருக்கையிலிருந்து நடுப்படி வரை வந்திருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

அக்கா வீட்டில் சோற்றைத் தின்றுவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பினேன். "வந்ததும் வராததுமா இன்னா அவசரம்?" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

பட்டறையில் நாங்கள் கேம் என்று சொல்லும் இரும்புத் தட்டு வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் புடைத்திருக்கும். சுற்றும்போது எதிரில் இருப்பதை அந்தப் புடைப்பு தள்ளும். அதன் வடிவத்தை, மெல்ல ஏறிச் சட்டென்று விழும்படி நான் கடைந்தேன். மெல்ல ஏறும்போது மேசை முன்னால் போகும். விழும் கணத்தில் ஒரு கனத்த ஸ்பிரிங் அதைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கும். மேசை திரும்பிவிடும், மணல் போன வாக்கில் போகும். முதல் முறை ஓட்டியபோது மணல் வரிசையாக, எறும்பு போவதுபோல, மறுகோடியை நோக்கி நடந்தது. பாய் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தொல்லை பலகையின் மேல்பரப்பு. இரும்புத் தகட்டில் பெயின்ட் அடித்திருந்தோம். வழவழப்பில் நீர் படலமாக விரியாமல் முத்து முத்தாகப் பிரிந்தது. மணலும் பிடிமானம் இல்லாமல் வழுக்கியது. பெயின்டைச் சுரண்டினோம், துரு பிடித்தது. மரம் போட்டோம், ஊறி வளைந்தது. ஒரு நாள் காலையில் பாய் ஒரு ரப்பர் சுருளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவருடைய மச்சான் ஷூ தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். காலணியின் அடிப்பாகத்துக்கு வெட்டும் ரப்பர் அது. தடவிப் பார்த்தால் பூனை நாக்கு மாதிரி மெல்லிய சொரசொரப்பு. அதைப் பலகையில் ஒட்டி, அதே ரப்பரில் மெல்லிய கீற்றுகள் வெட்டி வரப்புகளாக வைத்தோம். வரப்புகள் மறுகோடியை நெருங்க நெருங்க உயரம் குறைந்து மறைய வேண்டும். பாய் ஒவ்வொன்றையும் கத்தியால் சீவிச் சீவி இறக்கினார். ஷூ ஒட்டும் பசைதான். தண்ணீரில் இன்றுவரை விடவில்லை.

அக்கா போனில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "மகாலட்சுமிய செருப்பு ரப்பர் மேலயாடி நடக்கவுடப் போற?" லட்சுமிக்கு வழுக்காமல் இருந்தால் சரி என்றேன்.

மேசை நம்பத்தகுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான். எவ்வளவு பொன் இருக்கிறது என்று தெரிந்த மணலை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடம் ஒரு நகைப்பட்டறையிலிருந்து அரம் தேய்த்த பொன்தூளை எடை போட்டு வாங்கிவந்தார். அதை இன்னும் நுணுக்கமாகச் சலித்து, நன்றாகக் கழுவிய மணலில் கலந்தோம். மேசை ஓடியது. கோடியின் மேலோரத்தில் மஞ்சளாக ஒரு நூல் தெரிந்தது. சேர்ந்ததை உலர்த்தி எடை போட்டார்கள். பாதியைக் காணவில்லை.

எங்கே போனது என்று கழிவுநீர்த் தொட்டியில் குனிந்து பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. நீரின் மேலே மினுமினுவென்று ஒரு தூசிப்படலம் மிதந்தது. இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனமான பொருள், பால் ஆடை மாதிரி தண்ணீர்மேல் படுத்துக்கொண்டிருந்தது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவருக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அரத்தூள் தட்டையானது, மெல்லியது. ஒரு முறை உலர்ந்த நிலையில் நீர்மேல் விழுந்துவிட்டால், நீரின் மேல்தோல் அதைத் தாங்கிக்கொள்கிறது. கொசு நிற்பதுபோல. ஓடைப்பொன்னும் பெரும்பாலும் தட்டைதான் என்றார். அதைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் மேசைக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பட்டறையில் டீ டம்ளர் கழுவும் சோப்புத் திரவத்தை அவரே எடுத்துவந்து, மணல் ஊறும் வாளியில் சில சொட்டுகள் விட்டுக் கலக்கினார். நான் இன்னொன்றைச் சேர்த்தேன்: மணலை மேலிருந்து கொட்டாமல், குழம்பாகக் கரைத்து, நீர்மட்டத்துக்குக் கீழே போய் விழும்படி ஒரு குழாய் வைத்தேன். நுண்மணலுக்காக ஆட்டத்தின் நீளத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டினேன்.

இந்த முறை எடை போட்டபோது மேடம் மின்தராசை ஒரு முறை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி எடை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். போட்டதில் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்திருந்தது. பாய் யாரிடமும் சொல்லாமல் வெளியே போய், எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிவந்தார். வேலை நேரத்தில் எழுந்து கடைக்குப் போகும் ஆள் அல்ல அவர்.

இனி மலை மணல். ஓடையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கீழே இறக்குவதைவிட மேசையை மேலே கொண்டுபோவது எளிது. மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து இருக்கும் இடம் அக்காவின் சாமைக் கூடம்தான். கேட்டவுடன் சரி என்பாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

"பொன்னு இருக்குதுன்னு வெளிய தெரிஞ்சா மலைய விட்டு வைப்பாங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. களத்தில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். கூடத்தில் இருந்த மற்ற பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவள். செய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு தடவைகூட அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேடத்திடம் உள்ளபடி சொன்னேன். அவர் ஜீப் ஏறி வந்து, பெண்களோடு களத்திலேயே உட்கார்ந்தார். எவ்வளவு இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றார். இருப்பதை இல்லை என்று எழுத மாட்டேன், இல்லாததை இருக்கிறது என்றும் எழுத மாட்டேன் என்றார். தெரியாமல் இருப்பதால் பயம் போய்விடாது. கையில் சரியான கணக்கு இருந்தால், நாளைக்கு எவனாவது ஒருவன் வந்து மலையில் புதையல் இருக்கிறது என்று கதை கட்டும்போது எடுத்துக் காட்டலாம் என்றும் சொன்னார்.

பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அக்கா சொன்னாள்: "ஓட்டுங்க. ஆனா எங்க கண்ணு முன்னாடி ஓட்டணும். இன்னா வருதோ அத்த எங்களுக்கும் காட்டணும். மூடி எடுத்துக்கினு போகக் கூடாது."

மேடம், அப்படியே ஆகட்டும் என்றார்.

மேசையை இரண்டாகக் கழற்றி ஜீப்பில் ஏற்றினோம். பலகைப் பகுதியை வண்டியின் பின்னால் நானும் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனோம். வளைவுகளில் அது எங்கள்மேல் சாய்ந்தது. கூடத்து முற்றத்தில் இறக்கி, மட்டம் பார்த்து, நான்கு கால்களையும் சிமென்ட் தரையில் போல்ட் போட்டு முடுக்கினோம். ஓடையிலிருந்து எடுத்த மணலைச் சலித்து, களிமண் போகக் கழுவி, ஊறவைத்தாகிவிட்டது.

முற்பகல். நல்ல வெயில். பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். சுவிட்சைப் போட்டேன்.

சாம்பல் நிற மணல் முதலில் பரவியது. கொஞ்ச நேரத்தில் அது கலைந்து நிறம் நிறமாகப் பிரிய ஆரம்பித்தது. வெள்ளை மணல் வரப்புகளைத் தாண்டிக் கீழே வழிந்தது. அதற்கு மேலே கார்னெட் என்ற சிவப்பு மணல், குங்குமத்தை இழுத்துவிட்டது போல. அதற்கும் மேலே காந்தம் இழுக்கும் கருமணல், அகலமாக, பளபளவென்று. எங்கள் ஓடையில் கால் நனைத்து வளர்ந்த எனக்கு, அதற்குள் இத்தனை நிறங்கள் இருந்தது தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

பிறகு கருப்பின் மேலோரத்தில் ஒரு மயிரிழை. முதலில் வெயிலின் கூச்சமோ என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாயை ஒரு விரலால் கொஞ்சம் தணித்தேன். இழை நின்றது. மஞ்சள். அறுபடாமல் நின்றது.

அக்கா குனிந்து முகத்தை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் மூக்குத்தி நீரில் தெரிந்தது.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதாங்க," என்றார் மேடம். இந்த முற்றம் நிறைய மணலை ஓட்டினாலும் உங்கள் மூக்குத்தியில் ஒரு முனைக்குத்தான் வரும் என்றார். தோண்ட வருகிறவனுக்கு டீசல் காசுகூட மிஞ்சாது என்று அவர் சொன்னதும், பின்வரிசையில் யாரோ மூச்சை விட்டது கேட்டது. ஓடையில் வேறு வேறு இடங்களில் எடுத்த மணலையும் ஓட்டினோம். சிலவற்றில் இழை இன்னும் மெலிந்தது, சிலவற்றில் இல்லவே இல்லை. ஒவ்வொன்றையும் பெண்கள் பார்த்தார்கள். மேடம் பின்னால் எழுதிய அறிக்கையில் இருந்ததும் அதுதான்: பொன் உண்டு, மிக மிக நுண்ணியது, எடுக்கும் அளவுக்கு இல்லை. அதன் ஒரு பிரதியைத் தமிழில் எழுதி அக்காவின் கூடத்துக்கும் அனுப்பினார்.

ஆனால் அன்று முற்றத்தில் நடந்த இன்னொன்றைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மதியம் சாப்பாட்டுக்கு முன் பக்கத்து ஊர்க்காரர் சிலர் வந்து எட்டிப் பார்த்தார்கள். இது எங்கேயிருந்து வந்த மெஷின், ஜெர்மனியா ஜப்பானா என்று ஒருவர் பாயிடம் கேட்டார். பாய் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இந்த ஊரு மிஷின்தான். என் தங்கச்சி பண்ணது. கல்லு பொறுக்கற மிஷின் பண்ணா, இப்ப கண்ணுக்குத் தெரியாத பொன்னையும் பொறுக்கறா. கிட்ட வந்து பாருங்க, கைய மட்டும் வைக்காதீங்க."

அக்கா என்னை நேருக்கு நேர் புகழ்ந்ததே இல்லை. அன்றும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வதுபோல் முதுகைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொன் எடுக்கும் அளவுக்கு இல்லை என்பதில் ஊருக்கு நிம்மதி. இவ்வளவு கொஞ்சமாக இருந்தும் அதை என் மேசை தவறவிடவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு. பொன் நிறையக் கிடைத்திருந்தால் எல்லோரும் பொன்னைத்தான் பார்த்திருப்பார்கள். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு மயிரிழையைப் பிடித்ததால்தான் மெஷினைப் பார்த்தார்கள்.

மேசை இப்போது மேடத்தின் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கடற்கரை மணலை ஆராயும் வேறொரு ஆய்வுக்கூடம் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று எழுதியது. அதற்குப் பலகையைக் கொஞ்சம் நீளமாகச் செய்தோம். வரப்புகளைப் பாய்தான் சீவினார். இந்த முறை அவருக்கு அளவு சொல்லவே தேவைப்படவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பினோம். கூடப் போக முடியவில்லை, பட்டறையில் வேலை நெருக்கடி. எப்படிப் பொருத்துவது என்பதை வீடியோவாக எடுத்து அனுப்பினேன்.

சில நாள் கழித்து அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். மேசையை ஓட்டிவிட்டதாகவும், சரியாக ஓடுகிறதா என்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். வீடியோ எடுக்கிறேன் என்றார். வேண்டாம், போனை அப்படியே மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். பாயையும் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். லேத்தை நிறுத்தினோம். மெல்லிய உறுமல், ஒரு வெட்டு. மெல்லிய உறுமல், ஒரு வெட்டு. நடுவில் தண்ணீரின் சலசலப்பு. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேசை வெடுக்கென்று திரும்பும் அந்த வெட்டு கொஞ்சம் மழுங்கியிருந்தது; ஸ்பிரிங்கை அரைச் சுற்று முடுக்கச் சொன்னேன். அவர்கள் முடுக்கினார்கள். வெட்டு இன்னும் கூர்மையானது.

"இப்ப சரிங்க," என்றேன். "மணல விடுங்க."